கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாட்டு மணி

புதுப்பித்த பழைய மாடி பஸ் ஒன்றின் கீழ்த்தளத்தில், மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கீழே பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. ஓட்டுநர் தினமும் பூஜை செய்து அடித்த மணி என்று கன்னடத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. இரண்டையும் படித்தேன். இரண்டும் பொய்.

அந்த வண்டியை ஓட்டியவர் கன்டோன்மென்ட் பக்கத்து மாதா கோவிலில் ஞானஸ்நானம் வாங்கியவர். ஸ்டியரிங்குக்கு மேலே ஜெபமாலை தொங்கும். ஆயுத பூஜை வந்தால் எங்களோடு சேர்ந்து வண்டிக்குச் சந்தனம் பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயையும் அவரே உடைப்பார், அது வேறு. ஆனால் தினமும் மணி அடித்துப் பூஜை போடுகிற ஆள் இல்லை. அந்த மணிக்கும் சாமிக்கும் சம்பந்தமே கிடையாது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் என்ன செத்தா போய்விட்டேன்? ஸ்ரீராம்புரத்தில் அதே சந்தில், அதே வீட்டில்தான் இருக்கிறேன். திறப்பு விழா அழைப்பிதழ் மட்டும் அந்த விலாசத்துக்குச் சரியாக வந்து சேர்ந்ததே!

பதினோரு வருஷம் நான் அந்த வண்டியில் வழிகாட்டி. ஊரைச் சுற்றிக் காட்டுகிற மாடி பஸ். முதலில் சாதாரண டவுன் பஸ்ஸாக ஓடித் தேய்ந்தது. அதை ஏலத்தில் எடுத்த ஒரு பயணக் கம்பெனி, மாடியின் கூரையை அறுத்து எடுத்துவிட்டு, மேல்தளத்தை வானம் பார்த்த தளமாக்கி, சிவப்பும் மஞ்சளும் அடித்து டூரிஸ்டுகளை ஏற்றியது. இப்போது புதுப்பித்திருக்கிறவர்கள் வைத்த பெரிய பலகையில், அது யாரோ ஒரு மகாராஜாவுக்காகச் சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி என்று எழுதியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கூரையை அறுத்தது ஒக்கலிபுரத்தில் ஒரு ஷெட்டில். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுத்துப் போட்ட தகரத்தை எங்கள் சந்தில் நாலு வீட்டுக்குக் கூரையாகப் போட்டார்கள். அதில் ஒரு வீட்டில் இன்றைக்கும் மழை வந்தால் அந்தத் தகரம்தான் சடசடக்கிறது. எந்த மகாராஜா வந்து அதன் கீழே படுத்தான்?

காலை, மதியம், மாலை என்று மூன்று டிரிப். வணக்கம், நமஸ்காரா, ஆதாப் என்று ஆரம்பித்து முதலில் என் பெயரைச் சொல்வேன். பிறகு இந்தக் கோட்டையை யார் கட்டியது, இந்தத் தோட்டத்துப் பாறைக்கு எத்தனை வயசு, இந்தக் கட்டடத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று தமிழ், கன்னடம், இந்தி, போதாக்குறைக்கு இங்கிலீஷ். பொம்பளை ஒருத்தி பஸ் மாடியேறி ஊருக்கே கேட்கும்படி பேசுகிறாளே என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மைக் கையில் இருக்கிற வரைக்கும் எனக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை.

முதல் மாதமே ரத்தம் பார்த்தோம். சேலத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தூங்குமூஞ்சி மரத்துக் கிளை ஒன்று தாழ்ந்து வந்து அவர் நெற்றியில் அறைந்துவிட்டது. புருவத்துக்கு மேலே பிளந்து, சேலை முழுக்க ரத்தம். நான் பயணிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன், என் முதுகுதான் ரோட்டைப் பார்த்து இருந்தது. கம்பெனி என்ன செய்தது? முதலில் மரத்தைத் திட்டியது. பிறகு டிரைவரைத் திட்டியது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, கிளை வந்தால் நீதான் பார்த்துக் கத்தவேண்டும் என்றது. எனக்கு முதுகில் கண்ணா இருக்கிறது?

இதற்கு வழி செய்தவர் டிரைவர் அண்ணன். தன் வார லீவு நாளில் ஷெட்டுக்கு வந்தார். மாடியில் இருந்த சீட்டுகளின் இரும்புக் கால்களை எல்லாம் ஒரு சாண் அறுத்துக் குட்டையாக்கினார். பயணிகளுக்கு முழங்கால் மடங்கியது, சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் தலை இறங்கியது. அப்புறம் சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் ஒரு நீளமான பைப்பும் ஒரு மாட்டு மணியும் வாங்கி வந்தார். பைப்பை வண்டியின் நெற்றியிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு முன்னால் நீட்டி, அங்கிருந்து மேலே நிமிர்த்தி வளைத்தார். எங்களிடம் இருந்ததிலேயே நெட்டையான மெக்கானிக்கை மாடிக்கு ஏற்றி உட்காரவைத்து, அவன் தலைக்கு மேலே ஒரு சாண் இடம் விட்டு, அந்த மட்டத்தில் பைப்பை அறுத்தார். நுனியில் மணியைக் கட்டினார். அவ்வளவுதான். எந்தக் கிளையானாலும் தலையைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பைப்பைத் தொட்டாகவேண்டும்.

மணி அடித்ததும் அவர் கால் பிரேக்குக்குப் போகும். நான் "தலை குனிங்க, தலெ பக்கிஸி, சிர் ஜுக்காவ்" என்று மூன்று மொழியிலும் ஒரே மூச்சில் கத்துவேன். அத்தனை தலையும் ஒன்றாகக் குனியும், கிளை முதுகைத் தடவிக்கொண்டு போகும், நிமிரும்போது எல்லாரும் சிரிப்பார்கள். வண்டி நகர்ந்துவிட்டால் மாடியில் யாரும் நிற்கக் கூடாது, நான்கூட முக்காலியில் உட்கார்ந்துதான் பேசவேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். அதற்குப் பிறகு வண்டி ஓடிய வரைக்கும் ஒரு தலையில் ஒரு கீறல் விழவில்லை. கம்பெனி அவருக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? கேட்காமல் வண்டியில் ஓட்டை போட்டதற்கு ஒரு மெமோ.

கம்பெனியை மூடினார்கள். வண்டி எங்கோ ஒரு மைதானத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அண்ணன் நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், அவள் இப்போது ஈஜிபுராவில் மகள் வீட்டில் இருக்கிறாள்.

இப்போது வண்டியை வாங்கிப் புதுப்பித்த நிறுவனத்தின் மேனேஜர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயசிருக்கும், மரியாதை தெரிந்தவர். விழாவுக்கு நாலு நாள் முன்னால் பழைய ஊழியர் என்று என்னைக் கூப்பிட்டு வண்டியைச் சுற்றிக் காட்டினார். மினுமினுக்கிற பெயிண்ட், பித்தளைக் கைப்பிடி எல்லாம் கண்ணுக்கு அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மாடியேறிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடியில் பலகை அடித்து, அதன் மேல் உயரமான மெத்தை சீட்டுகள் போட்டிருந்தார்கள். அண்ணனின் பைப்பைப் பாதியாக அறுத்து, பின்னால் இழுத்து நேராக நட்டு, கம்பெனிக் கொடியைப் பறக்கவிட்டிருந்தார்கள். மணிதான் கீழே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதே.

இது என்ன என்று கேட்டேன். கொடிக்கம்பம்தானே மேடம் என்றார். துருப்பிடித்து வளைந்திருந்ததாம், நிமிர்த்தினார்களாம். சீட்டை ஏன் ஏற்றினீர்கள் என்றேன். வ்யூ நன்றாக இருக்கவேண்டும், எல்லாரும் போட்டோ எடுப்பார்கள் என்றார். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா? நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீட்டுக் கால், பைப், மணி, டீச்சரம்மாவின் நெற்றி, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். போனில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க மேடம். டிரோன் வச்சு ரூட் ஃபுல்லா செக் பண்ணிட்டோம். எந்தக் கிளையும் இடிக்காது."

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். மார்ச்சில் என்றார். மார்ச்சில் தூங்குமூஞ்சி மரத்தில் பாதி இலை கொட்டிக் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்து, துளிர்த்த இலையெல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்தால் அதே கிளை ஒரு முழம் இறங்கும். இது இந்த ஊரில் பஸ் ஓட்டின எவருக்கும் தெரியும். டிரோனுக்குத் தெரியாது. அவர் சிரித்துவிட்டு எனக்குக் காபி வரவழைத்தார்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் ரோடெல்லாம் இலை. எனக்குப் பொன்னாடை போர்த்தி மாடியில் முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்த உயர்ந்த சீட்டில் உட்கார்ந்ததுமே மரங்கள் எல்லாம் என் மேல் சாய்வது மாதிரி இருந்தது. வண்டி நகர்ந்தது. மேனேஜர் மைக்கை வாங்கிக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, நின்றபடியே பேச ஆரம்பித்தார். உட்காருங்கள் என்றேன். பரவாயில்லை மேடம் என்றார். மறுபடி சொன்னேன். கையால் அமர்த்திவிட்டு மகாராஜா கதையை எடுத்தார்.

மூன்றாவது திருப்பத்தில் கிளை தெரிந்தது. என் வாய் என்னைக் கேட்கவில்லை. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் மூன்று மொழியும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. சத்தத்தின் வேகத்தில் எல்லாரும் குனிந்துவிட்டார்கள். குனியாதவர் அவர் ஒருவர்தான். கிளை பின்னந்தலையில் அறைந்து அவரை என் மடியில் கொண்டுவந்து போட்டது. ரத்தத்தை என் பொன்னாடையால்தான் அமுக்கிப் பிடித்தேன். பாவம்தான், வலியில் முனகினார். ஆனால் சொல்லிவிடுகிறேன், எனக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

மறுநாள் பார்த்தால், அந்த மரத்துக் கிளையை வெட்டச் சொல்லி அவர்கள் மனு எழுதியிருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர்கள் சீட்டை ஏற்றுவார்களாம், நூறு வருஷ மரம் கையை இழக்கவேண்டுமாம். போன் போட்டு அந்த நிறுவனத்து ஆபீசில் யார் எடுத்தாரோ அவரைப் பிடித்துக் கிழித்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மேனேஜரே எங்கள் சந்துக்கு வந்தார். தலையில் கட்டு. கார் உள்ளே வராது, தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். இந்த முறை மேடம் என்று கூப்பிடவில்லை.

"அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. அந்தக் கம்பியோட அளவு வேணும். சீட்டையும் இறக்கிடறோம்."

மரத்தைத் தொடக் கூடாது என்றேன். மனுவைத் திரும்ப வாங்கியாகிவிட்டது என்றார். பூஜை மணி, மகாராஜா, அந்தப் புளுகெல்லாம் போகவேண்டும் என்றேன். சரி என்றார். கடைசியாக, இதைச் செய்தவரின் பெயரைப் பலகையில் எழுதவேண்டும், எழுதுவதாக இருந்தால்தான் அளவு என்றேன். கட்டாயம் அம்மா என்றார். நம்பினேன். பைப் எவ்வளவு முன்னால் நீளவேண்டும், எவ்வளவு மேலே நிமிரவேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். போகும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வண்டியில் நீங்களே பேசலாமே என்றும் கேட்டார். நான் என்ன கண்காட்சிப் பொருளா, அந்தக் கண்ணாடிப் பெட்டியில் என்னையும் உட்காரவைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கே பஸ் பிடித்து ஈஜிபுரா போனேன். அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு தாளில் அண்ணன் பெயரைத் தன் கையாலேயே எழுதி எடுத்துவந்தாள். தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி.

"இனிஷியலோட எழுதச் சொல்லு. இனிஷியல் இல்லாம அவரு கையெழுத்தே போடமாட்டாரு."

பலகை எப்போது வரும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து போய்ப் பார்க்கலாமா, பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா என்று அன்றைக்கு நாலு தடவை கேட்டாள். அவள் அப்படி ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. தாளை மேனேஜரிடம் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பலகை வந்தது. முதல் நாளே நான் மட்டும் போய்ப் பார்த்தேன், நல்ல வேளை. மகாராஜா போயிருந்தார். பைப் பழையபடி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது, நுனியில் மாட்டு மணி. சீட்டுகள் இறங்கியிருந்தன. பலகையில், பழைய ஓட்டுநர் ஒருவரின் யோசனையைக் கொண்டு எங்கள் பொறியாளர்கள் வடிவமைத்த பாதுகாப்புக் கருவி என்று இருந்தது.

ஓட்டுநர் ஒருவர்! யாரந்த ஒருவர்? ஓட்டுநர் என்றால் ஊரில் லட்சம் பேர் இருக்கிறார்கள். நோகாமல் நுங்கு தின்கிற கூட்டம். அவர் வார லீவை விட்டு, கையைக் கிழித்துக்கொண்டு, மெமோ வாங்கிச் செய்ததை இவர்களுடைய பொறியாளர்கள் வடிவமைத்தார்களாம். மேனேஜரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். தான் எழுதித்தான் அனுப்பினாராம், தனி ஆட்கள் பெயர் எதையும் பலகையில் போடுவதில்லை என்று மேலிடத்தில் அடித்துவிட்டார்களாம். அப்படியென்றால் உங்கள் முதலாளி பெயர் மட்டும் வாசலில் ஆள் உயரத்துக்கு ஏன் இருக்கிறது என்று கேட்டேன். அங்கே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதே கோபத்தோடு அண்ணியின் வீட்டில் போய் நின்றேன். கதவு திறந்ததும் ஆரம்பித்துவிட்டேன். நன்றி கெட்டவர்கள், அடுத்தவன் உழைப்பைத் திருடுகிறவர்கள், ஒரு மனுஷன் பெயரைச் சொல்வதில் வாயா தேய்ந்துவிடும், பேப்பரில் எழுதப் போகிறேன், கோர்ட்டுக்குப் போகிறேன் என்று என் வாய் ஓயவில்லை. அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"பதினோரு வருஷம் மைக்கு உன் கையிலதானே இருந்துச்சு? நீ ஒரு நாளாவது அவரு பேரச் சொன்னியா?"

தினமும் மூன்று டிரிப். மூன்று டிரிப்பிலும் முதலில் என் பெயர். பாறைக்கு வயசு சொன்னேன். கோட்டையைக் கட்டியவன் பெயர் சொன்னேன், அவன் மகன் பெயர் சொன்னேன். மணி அடித்துக் குனிந்து நிமிர்ந்து சிரித்த ஜனங்களிடம், இந்த மணியைக் கட்டியவர் இதோ கீழே உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறார், அவர் பெயர் இன்னது என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. தோன்றவே இல்லை. டிரைவர் என்றால் டிரைவர், அவ்வளவுதான் எனக்கும்.

"வேணும்னு சொல்லாம விடல அண்ணி," என்றேன்.

"தெரியும். அவங்களுந்தான் வேணும்னு விட்டிருக்கமாட்டாங்க."

அவள் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள். காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், திட்டுவதற்கு ஆள் யாரும் மிச்சமில்லை. அப்புறம் மேனேஜருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், மைக் என் கையில் இருக்கவேண்டும், எழுதிக் கொடுத்து எதையும் படிக்கச் சொல்லக் கூடாது என்றேன். அவர் உடனே சரி என்றார். முன் வரிசையில் ஒரு சீட் வேண்டும் என்றும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி பூசை முடித்து நேராக வந்தாள். முழங்கால் வலியோடு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மாடியேறினாள். வண்டி நகர்ந்ததும் நான் முக்காலியில் உட்கார்ந்தேன். வணக்கம், நமஸ்காரா, ஆதாப் சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. முதல் மரத்தடியில் மணி அடித்தது. மூன்று மொழியிலும் கத்தினேன், எல்லாரும் குனிந்தார்கள், கிளை கடந்து போயிற்று. அப்போது இந்த மணியை யார் கட்டினார் என்று சொன்னேன், அவர் பெயரை இனிஷியலோடு மைக்கில் சொன்னேன்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்கள். அண்ணி மட்டும் குனிந்த தலையை அடுத்த மரம் வரைக்கும் நிமிர்த்தவில்லை.